மழுங்கும் அரமும் தேயும் கூலியும்

(உலோகத் தொழிலாளர் பயிலரங்கு ஒன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தொழிற்சங்கப் பயிலரங்குகளில் ஊதிய உடன்பாடு, ஒப்பந்தமுறை, சட்டத் திருத்தம் ஆகியவற்றைப் பற்றிய உரைகளே வழக்கமாக இடம்பெறுகின்றன. அரம் என்னும் சிறு கருவியைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் வியக்கலாம். ஆயினும் வைஸின் முன் நின்று வேலை செய்யும் பிட்டர், ரம்பப் பல் தீட்டும் தச்சர், சாவி செய்வோர், டூல் ரூமில் டை செய்யும் தொழிலாளி, பொற்கொல்லர் ஆகியோருள் எவரைக் கேட்டாலும் ஒரே முறையீடுதான் வருகிறது. புதிய அரம் முன்போல் வெட்டுவதில்லை. முதல் நாள் வெட்டினாலும் வாரம் தாங்குவதில்லை. இம்முறையீடு இந்தியாவில் மட்டும் எழுவதன்று. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள கைவினைஞர்களும் இதையே சொல்கிறார்கள்.

இதைக் கேட்டவுடன் நம்பிவிடுவதும் முறையன்று. பழைய பொருள் எல்லாம் உயர்ந்தது என்னும் ஏக்கம் எத்தொழிலிலும் உண்டு. முன்னாளிலும் மட்டமான அரங்கள் விற்கப்பட்டன. அவை அன்றே தூக்கியெறியப்பட்டன. நல்லவை மட்டுமே பெட்டியில் எஞ்சியிருப்பதால், அக்காலத்து அரம் அனைத்தும் நல்லவை என்ற தோற்றம் உண்டாகிறது. ஆகவே நினைவை மட்டும் நம்பாமல், அரம் எவ்வாறு செய்யப்படுகிறது, எந்த இடத்தில் அதன் தரத்தைக் குறைக்க முடியும், குறைப்பதால் ஆதாயம் அடைபவர் யார் என்பதைப் பார்க்க வேண்டும்.

அரம் தமிழுக்குப் புதிய சொல் அன்று. திருக்குறளில் ஓரிடத்தில் அது கூர்மைக்கு உவமையாகிறது. 'உட்பகை' அதிகாரத்தில் பொன்னைத் தேய்த்துக் குறைக்கும் கருவியாக வருகிறது. பொன்னைத் தேய்த்த கருவி இன்று தானே தேய்ந்து நிற்கிறது என்பதுதான் தொழிலாளரின் புகார்.

நல்ல அரத்துக்கு முதல் தேவை எஃகு. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் பங்கு கரிமம் இருக்க வேண்டும். சாதாரணக் கட்டுமானக் கம்பியில் இருப்பதைப் போல் இது பல மடங்கு. இந்த எஃகை அடித்து வடிவமாக்கி, நெடுநேரம் சூட்டில் வைத்து மெல்ல ஆறவிட்டு மென்மையாக்குகிறார்கள். பின்பு மேற்பரப்பைச் சாணையில் சமப்படுத்தி, உளியால் பல் வெட்டுகிறார்கள். உளி எஃகைச் சுரண்டி எடுப்பதில்லை. சாய்வாக இறங்கி, உலோகத்தைப் பிதுக்கி உயர்த்துகிறது. அவ்வாறு உயர்ந்த விளிம்பே பல். உளி மழுங்கியிருந்தால் பல்லின் நுனி பிறக்கும்போதே மொண்ணையாகிவிடும். உளியை எத்தனை அரத்துக்கு ஒருமுறை தீட்ட வேண்டும் என்பதைத் தொழிற்சாலையின் நேரக்கணக்கு முடிவு செய்கிறது.

அடுத்தது கடினமாக்கல். இதுவே அரத்தின் உயிர்நாடி. எஃகை 770 முதல் 800 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி உப்புநீரில் தோய்க்கிறார்கள். சூடேறும்போது காற்றுப்பட்டால் மேற்பரப்பிலுள்ள கரிமம் எரிந்து போகும். உள்ளே நல்ல எஃகு இருந்தும், வெட்ட வேண்டிய பல்நுனி மட்டும் மென்மையாகிவிடும். இதைத் தடுக்க எல்லா நாட்டு அரத் தொழிலாளரும் தத்தம் சமையலறையிலும் கொட்டிலிலும் கிடைத்ததைக் கொண்டே வழி கண்டார்கள். ஷெஃபீல்டில் பீர் வண்டலையும் உப்பையும் பூசினார்கள். குளம்பையும் கொம்பையும் கருக்கிப் பொடித்துப் பூசுவது இன்னொரு முறை. ஜப்பானின் ஹிரோஷிமா மாநிலத்தில் கூரே நகரைச் சேர்ந்த நிகாதா என்னும் ஊர் அரத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கே சோயா மொச்சையை நொதிக்கவைத்துச் செய்யும் மிசோ என்னும் உணவுப் பொருளையே அரத்தின் மேல் பூசிச் சூளையில் வைத்தார்கள். இன்று உப்புக் குழம்பு உலைகளும் காற்றுக் கட்டுப்பாடுள்ள உலைகளும் வந்துவிட்டன. ஆயினும் உலையின் வெப்பத்தைச் சரியாகக் காப்பதும், தோய்க்கும்போது வளையும் அரத்தை முற்றும் இறுகுமுன் நிமிர்த்துவதும் கவனத்தையும் நேரத்தையும் கேட்கும் வேலைகளே.

தரம் குறையும் இடங்கள் இப்போது விளங்கும். கரிமம் குறைந்த எஃகை வாங்கி, மேல்தோலை மட்டும் கடினமாக்கலாம். உளியைத் தீட்டாமல் ஓட்டலாம். சூளையில் இருக்கும் நேரத்தைக் குறைக்கலாம். ஒவ்வோர் அரத்தையும் தட்டி ஒலி கேட்டுச் சோதிப்பதை விட்டு, பெட்டிக்கு ஒன்றைப் பார்க்கலாம். இவற்றுள் எதுவும் கடையில் வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் பூசி மெழுகுத்தாளில் சுற்றிய இரண்டு அரங்கள் ஒன்றுபோலவே மின்னும்.

கண்ணுக்குத் தெரியாததை அளக்க வழியில்லையா? உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மான்செஸ்டரைச் சேர்ந்த எட்வர்டு ஹெர்பர்ட் என்பவர் அரத்தைச் சோதிக்கும் எந்திரம் ஒன்றை வடிவமைத்தார். குறிப்பிட்ட அழுத்தத்தில் ஓர் உலோகக் கட்டையின் மேல் அரம் முன்னும் பின்னும் ஓடும். எத்தனை ஓட்டத்தில் எவ்வளவு உலோகம் அறுபட்டது என்பதை எந்திரமே கோடாக வரையும். கோடு படுத்துவிட்டால் அரம் செத்துவிட்டது என்று பொருள். ஒரே தோற்றமுடைய அரங்களுக்கிடையே பெரும் வேறுபாடு இருப்பதை அச்சோதனைகள் காட்டின. இந்தியாவிலும் பொறியியல் அரங்களுக்கென ஐ.எஸ். 1931 என்னும் தரநிர்ணயம் இருக்கிறது. அறிவியல் இருக்கிறது, அளவுகோல் இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டை அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டு விற்பவர் எவருமில்லை. பிற எஃகு கடினமானதா என்று அறியப் பட்டறைகளில் அரத்தைத்தான் உரசிப் பார்க்கிறார்கள். அனைத்தையும் சோதிக்கும் கருவியைச் சோதித்துப் பார்க்க வாங்குபவருக்கு வழியில்லை.

வரலாற்றுக்குச் சற்றுத் திரும்ப வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகின் அரங்களுக்குத் தலைநகரம் ஷெஃபீல்டு. அங்கே அரத்தின் பற்களைக் கையாலேயே வெட்டினார்கள். இடக்கை விரல்களில் சிற்றுளி, வலக்கையில் கனத்த சுத்தியல். அடிக்கு ஒரு பல். ஒரு பக்கம் வெட்டி முடித்த அரத்தைத் திருப்பி வைக்கும்போது பற்கள் சிதையாதிருக்க அடியில் ஈயக் கட்டியை வைத்தார்கள். அந்த ஈயத்தின் தூள் மூச்சிலும் விரல் வழியே வாயிலும் சென்றது. கைகள் துவண்டு விழும் ஈய நஞ்சு நோய் அத்தொழிலாளரிடையே பரவலாக இருந்தது. நல்ல அரத்தின் பழம்பெருமையைப் பேசுவோர் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

எந்திரம் வந்தபோது அவர்கள் எதிர்த்தார்கள். மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தில், தொழிலாளிக்கும் எந்திரத்துக்கும் இடையிலான மோதலை விவரிக்கும் பகுதியின் அடிக்குறிப்பு ஒன்றில், 1865இல் ஷெஃபீல்டு அரத் தொழிலாளர் நடத்திய கிளர்ச்சியை எடுத்துக்காட்டுகிறார். அதற்கு ஓராண்டு முன்பு, 1864இல், அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் வில்லியம் நிக்கல்சன் என்பவர் எந்திரத்தால் அரம் வெட்டும் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். இங்கே ஒரு நுட்பமான செய்தி உண்டு. தொடக்க கால எந்திர அரங்கள் கையால் வெட்டிய அரத்துக்கு ஈடாகவில்லை. காரணம், எந்திரம் மிகச் சீராக வெட்டியது. எல்லாப் பற்களும் ஒரே இடைவெளியில் இருந்ததால் அரம் உலோகத்தின் மேல் அதிர்ந்து, வரிவரியாகத் தடம் பதித்தது. மனிதக் கை வெட்டிய பற்களின் இடைவெளியில் இயல்பாகவே சிறு ஏற்றத்தாழ்வு இருந்தது. அதனாலேயே அது வழவழப்பாக ஓடியது. நிக்கல்சன் அந்த ஏற்றத்தாழ்வை எந்திரத்துக்குள் கொண்டுவந்த பிறகே எந்திர அரம் வென்றது. தொழிலாளியின் கைத்திறன் மூலதனத்துக்குள் எவ்வாறு உறிஞ்சப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தேடிப் பிடிப்பது அரிது.

ஆகவே எந்திரத்தால் நல்ல அரம் செய்ய முடியும். ஒரு நூற்றாண்டுக் காலம் செய்தும் காட்டியது. பின்பு மாறியது எது? அதே நிக்கல்சன் பெயரின் பயணத்தைப் பாருங்கள். 1972இல் அது கூப்பர் இண்டஸ்ட்ரீஸ் என்னும் பெருநிறுவனத்தின் உடைமையாயிற்று. 2010இல் கூப்பரும் டனாஹரும் சேர்ந்து அமைத்த ஏபெக்ஸ் டூல் குழுமத்துக்குள் சென்றது. 2013இல் அக்குழுமத்தை பெய்ன் கேப்பிட்டல் என்னும் நிதி நிறுவனம் வாங்கியது. இதனிடையே உற்பத்தி மெக்சிகோவுக்கும் பிரேசிலுக்கும் போய்ச் சேர்ந்தது. அரம் செய்யத் தெரிந்தவரின் பெயர், அரத்தைத் தொட்டே பார்க்காத முதலீட்டாளரின் சொத்துப் பட்டியலில் ஒரு வரியாயிற்று. இவ்வகை நிதியங்கள் பொதுவாகச் சில ஆண்டுகளில் விற்றுவிடும் நோக்கத்துடனேயே நிறுவனங்களை வாங்குகின்றன. சூளையைப் புதுப்பித்துப் பத்தாண்டு கழித்துப் பலன் காண அவற்றுக்கு நேரமில்லை.

அமெரிக்கக் கைவினைஞர் பலர் இதற்கு வேறொரு விளக்கம் தருகிறார்கள். அரம் மெக்சிகோவில் செய்யப்படுவதால்தான் கெட்டுவிட்டதாம். இந்தியாவில் இதே குரல் "சீனச் சரக்கு" என்று கேட்கிறது. தொழிலாளர் இயக்கம் இந்த விளக்கத்தை உறுதியாக மறுக்க வேண்டும். எஃகுக்குத் தேசியம் கிடையாது. எந்த நாட்டுத் தொழிலாளிக்கும் தக்க எஃகையும் தீட்டிய உளியையும் போதிய நேரத்தையும் கொடுத்தால் நல்ல அரம் வரும். உலகின் மிகப் பெரிய அர உற்பத்தி நிறுவனங்களுள் ஒன்றான ஜே.கே. ஃபைல்ஸ் இந்திய நிறுவனமே; இரத்தினகிரி, சிப்ளூண், பீதம்பூர் ஆகிய இடங்களிலுள்ள தொழிலாளரின் கைகளிலிருந்து அரங்கள் பல கண்டங்களுக்குச் செல்கின்றன. குறைந்த கூலியைத் தேடித் தொழிற்சாலையை இடம் மாற்றும் மூலதனம், அதே கையோடு எஃகிலும் நேரத்திலும் மிச்சம் பிடிக்கிறது. பழி மட்டும் கூலி குறைந்த நாட்டுத் தொழிலாளியின் மேல் விழுகிறது.

சந்தை சுருங்கியதும் உண்மையே. ஆங்கிள் கிரைண்டர், கார்பைடு பர், கணினியால் இயங்கும் எந்திரங்கள் ஆகியவை அரத்தின் வேலையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. தொழிற்சாலைகள் அரத்தை நூற்றுக்கணக்கில் வாங்கி, கெட்டதைத் திருப்பி அனுப்பிய காலத்தில், உற்பத்தியாளர் அஞ்சவேண்டியிருந்தது. தனித்தனியாக ஒன்றிரண்டு வாங்குவோருக்கு அந்த அதிகாரம் இல்லை.

இந்தியாவில் இச்சிக்கலுக்கு மற்றொரு முகமும் உண்டு. வாங்குபவர் வேறு, பிடிப்பவர் வேறு. ரயில்வே பணிமனையானாலும், பொதுத்துறை ஆலையானாலும், அரசுத் தொழிற்பயிற்சி நிலையமானாலும், கொள்முதல் பெரும்பாலும் மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே போகிறது. 2016இல் தொடங்கப்பட்ட அரசு மின்சந்தையிலும் இந்தப் போக்கே மேலோங்கி நிற்கிறது. கோப்பில் "தட்டை அரம், 12 அங்குலம், பாஸ்டர்டு" என்றிருக்கும். எத்தனை ஓட்டம் தாங்கும் என்ற கேள்விக்குக் கோப்பில் கட்டமே இல்லை.

இதன் கொடுமையை முதலில் அனுபவிப்பவர் ஐ.டி.ஐ. மாணவர். 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் பிட்டர் பிரிவில் சேரும் இளைஞர் முதன்முதலில் பழகுவது அரத்தைத்தான். ஓர் இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அதன் முகத்தைச் சமதளமாக்க வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் ஒளி புகாதிருக்க வேண்டும். நல்ல அரம் எஃகைக் கடிக்கும்போது கைக்கு ஓர் உணர்வு வரும். சுருண்ட அரப்பொடி விழும். மழுங்கிய அரம் வழுக்கும். மாணவர் மேலும் அழுத்துவார். அழுத்தினால் கை ஆடும்; முகம் நடுவில் மேடாகும். ஆசிரியர் கையைக் குறை சொல்வார். மாணவரும் தன் கையையே நம்பாதவராவார். உழைக்கும் குடும்பத்திலிருந்து வந்து, தனக்குத் தொழில் வராது என்ற முடிவுக்கு ஓர் இளைஞர் வருவதற்கு ஒரு துண்டு மட்டமான எஃகு போதுமானதாகிவிடுகிறது.

மார்க்ஸ் உழைப்பு நிகழ்முறையை ஆராயும்போது ஒரு கூர்மையான செய்தியைச் சொல்கிறார். கருவி நன்றாக இருக்கும்வரை, அதைச் செய்த உழைப்பு எவர் நினைவுக்கும் வருவதில்லை. வெட்டாத கத்தியும் அறுந்துபோகும் நூலுமே, அவற்றைச் செய்தவர் ஒருவர் உண்டு என்பதை வலிந்து நினைவூட்டுகின்றன. வழுக்கும் அரத்தைப் பிடித்திருப்பவருக்கும் இதே நிலைதான். முகம் தெரியாத ஓர் ஆலையில், யாரோ ஒருவருக்கு உளியைத் தீட்ட நேரம் தரப்படவில்லை என்பதை அவர் தன் தோள்வலியில் அறிகிறார். ஒரு முனையில் அவசரப்படுத்தப்பட்ட தொழிலாளி. மறுமுனையில் மிகையாக உழைக்கும் தொழிலாளி. இருவருக்கும் நடுவே மிச்சப்பட்ட காசு இருவரிடமும் சேரவில்லை.

அரத்தின் விலையை யார் தருகிறார் என்ற கேள்வி இங்கே எழுகிறது. முறையான ஆலையில் கருவியின் தேய்மானம் மாறா மூலதனத்தின் ஒரு பகுதி; முதலாளியின் கணக்கில் சேர வேண்டியது. ஆனால் அலிகாரின் பூட்டுத் தொழில் போன்ற இடங்களில், உருப்படிக் கூலிக்கு வேலை செய்வோர் ஏராளம். சிறு பட்டறையிலும் வீட்டிலும் நடக்கும் இத்தகைய வேலையில் அரத்தைத் தொழிலாளியே வாங்கும் வழக்கம் உண்டு. ஒரு கணக்கைக் கற்பனையாகப் போட்டுப் பார்க்கலாம். உருப்படிக்கு 3 ரூபாய் கூலி. கூர்மையான அரத்தால் நாளுக்கு 150 உருப்படி, மழுங்கிய அரத்தால் 120 என்று கொள்ளுங்கள். 200 ரூபாய் அரம் 20 நாள் உழைக்கிறது. கடைசி 2 நாள் மழுங்குகிறது. அரத்துக்கு 200, குறைந்த கூலி 180, ஆக 380 ரூபாய். 80 ரூபாய் அரம் 5 நாள்தான் வரும். ஒவ்வொன்றும் கடைசி 2 நாள் மழுங்கும். அதே 20 நாளுக்கு நான்கு அரம் வேண்டும்: விலை 320, குறைந்த கூலி 720, ஆக 1,040 ரூபாய். மலிவான அரம் 660 ரூபாயைத் தொழிலாளியின் பையிலிருந்து எடுத்துவிட்டது. 200 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க முடியாதவர்தான் 80 ரூபாய் அரத்தை வாங்குகிறார். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் ஏறும் வலியை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சட்டம் இதைப் பற்றி முற்றிலும் ஊமையாக இருக்கவில்லை. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், முதலாளி அளிக்கும் சேவைகளுக்காக ஊதியத்தில் பிடித்தம் செய்ய இடம் தந்தபோதே, வேலைக்கு வேண்டிய கருவிகளையும் மூலப்பொருள்களையும் தருவது அத்தகைய "சேவை" ஆகாது என்று விளக்கமாகவே கூறியது. கருவிக்காகக் கூலியில் கை வைக்கக்கூடாது என்பதே அதன் உட்கிடை. பிடித்தம் செய்தால்தானே குற்றம்; முதலிலேயே தொழிலாளியை வாங்கவைத்துவிட்டால் பிடித்தமே இல்லை. பதிவேட்டுக்கு வெளியே வேலை வாங்கும் முறை இவ்விளக்கத்தை இப்படித்தான் செல்லாக்காசாக்கியது.

நிர்வாகங்கள் ஒரு மறுப்பைச் சொல்வதுண்டு: தொழிலாளர் அரத்தைப் பேணுவதில்லை என்று. இதில் உண்மையே இல்லை எனக் கூற முடியாது. புதிய அரத்தை வார்ப்பிரும்பின் மணலேறிய மேல்தோலில் போடுவது அதைக் கொல்வதற்குச் சமம். பின்னோக்கி இழுக்கும்போது அழுத்துவது, பெட்டியில் அரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிப்பது, பற்களிடையே அடைத்த பொடியைக் கம்பித் தூரிகையால் நீக்காதிருப்பது, எண்ணெய்ப் பிசுக்குள்ள கையால் தடவுவது ஆகியவையும் அரத்தின் ஆயுளைக் குறைக்கும். அரத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் பொடி அவ்வளவாக அடைக்காது. மூத்த பிட்டர்கள் இவற்றை இளையோருக்குக் கைப்பிடித்துக் கற்றுக்கொடுத்தார்கள். 1961இன் பயிற்சியாளர் சட்டத்தின்படி வரும் இளைஞரை மலிவான உற்பத்தித் தொழிலாளராகவே பயன்படுத்தி, மூத்தவரை விருப்ப ஓய்வில் அனுப்பிவிட்ட நிர்வாகம், பேணத் தெரியவில்லை என்று குறைகூறுவதற்கு என்ன தகுதி பெற்றிருக்கிறது?

பழைய அரத்துக்கு மறுபிறவியும் இருந்தது. தேய்ந்ததை மென்மையாக்கி, சாணைபிடித்து, புதிதாகப் பல் வெட்டி, மீண்டும் தோய்த்துத் தருவார்கள். அதற்கும் உதவாத அளவுக்கு மெலிந்தால் கொல்லர் அதைக் கத்தியாக்குவார். பிட்டர் அதைச் சுரண்டியாகத் தீட்டிக்கொள்வார். உள்முழுதும் நல்ல எஃகாக இருந்தால்தான் இது நடக்கும். மேல்தோல் மட்டும் கடினமான அரத்தைச் சாணைபிடித்தால் மிஞ்சுவது வெறும் இரும்பு. காயலான் கடைக்குத்தான் போகும்.

தொழிற்சங்கங்கள் செய்யக்கூடிய வேலை சிக்கலானதன்று. கிளை தோறும் ஓர் அரப் பதிவேடு வைக்கலாம். அரம் வழங்கப்பட்ட நாள், அதன் அளவும் முத்திரையும், அது எந்த உலோகத்தில் ஓடியது, பயனற்றுப்போன நாள் ஆகியவை போதும். ஆறு மாதப் பதிவு கையிலிருந்தால் பண்டகசாலைக் குழுவில் பேசுவதற்கு முறையீடு மாத்திரமன்றிச் சான்றும் இருக்கும். மலிவான அரத்தால் ஆலைக்கே ஆகும் கூடுதல் செலவு அதில் தெரியவரும். ஒப்பந்தப்புள்ளியில் ஐ.எஸ். 1931 முத்திரையையும் மாதிரிச் சோதனையையும் நிபந்தனையாக்கக் கோரலாம். உடைந்த அரத்தின் முறிவு முகத்தைப் பாருங்கள்: நல்ல எஃகில் அது நுண்ணிய சாம்பல் நிற மணிகளாகச் சீராயிருக்கும், ஓரத்தில் ஒரு வளையமும் நடுவில் வேறு நிறமுமாக இருந்தால் மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்டது என்று ஐயுறலாம். அத்துண்டுகளைத் தூக்கியெறியாமல் பதிவேட்டுடன் கட்டிவைக்க வேண்டும். உருப்படிக் கூலித் தொழிலாளரின் கோரிக்கைப் பட்டியலில், கூலி உயர்வுக்கு அடுத்த வரியிலேயே, கருவியை வேலை தருபவரே வழங்க வேண்டும் என்பதும், அதுவரை அரத்துக்கென்று தனிப்படி தர வேண்டும் என்பதும் இடம்பெற வேண்டும். அலிகார், மொராதாபாத், ஜலந்தர், லூதியானா போன்ற உலோகத் தொழில் நகரங்களிலுள்ள தோழர்கள் இப்பதிவேட்டை ஒரே வடிவில் வைத்துக்கொண்டால், ஒரு நகரத்தின் பதிவை மற்றொரு நகரத்தின் பதிவுடன் ஒப்பிட முடியும்.